மைக்கும் கோட்டானும்

கோட்டான்: சீட்ட முன்னாடி இழு.

மைக்: வேணாம். இப்படியே இருக்கட்டும்.

கோட்டான்: இப்படியே இருந்தா கால் எப்படி எட்டும்?

மைக்: எட்டுது. முதுகுக்குப் பின்னாடி தலையணை வச்சிருக்கேன்ல...

கோட்டான்: ரெண்டு தலையணை! வண்டி ஓட்டப் போறியா, படுக்கப் போறியா? கிளச்ச மிதி பார்ப்போம்.

மைக்: மிதிச்சுட்டேன்.

கோட்டான்: முழுசா.

மைக்: முழுசாத்தான்...

கோட்டான்: நுனிவிரலால தடவுறதுக்குப் பேரு முழுசா? நடுரோட்டுல பிரேக்குக்குக் கால் எட்டலன்னா என்ன பண்ணுவ? ஹாரன் அடிச்சு மன்னிப்பு கேட்பியா?

மைக்: ...

கோட்டான்: என்னடி? அழறியா?

மைக்: இல்ல. இது அவர் வச்ச இடம். அவருக்குக் கால் நீளம். அவர் போனதுலேருந்து உறை போட்டு மூடி வச்ச வண்டி. பேட்டரி மாத்த மெக்கானிக் வந்தப்பகூட, சீட்ட மட்டும் தொடாதீங்கன்னு சொல்லிட்டேன்.

கோட்டான்: உன் வீட்டுக்காரர் இப்ப இங்க நின்னா என்ன சொல்லுவார்?

மைக்: "கால் எட்டாம ஓட்டி என் வண்டியக் கவுத்துடாதே"ம்பார்.

கோட்டான்: நல்ல மனுஷன். இழு. அடியில ஒரு கம்பி இருக்கும், தூக்கிப் பிடிச்சுட்டு...

மைக்: தெரியும். நீ அந்தப் பக்கம் பாரு.

கோட்டான்: ஜன்னலத்தான் பார்க்குறேன்.

மைக்: ... ம். இழுத்தாச்சு.

கோட்டான்: எட்டுதா?

மைக்: எட்டுது.

கோட்டான்: அந்தத் தலையணைய இப்படிக் குடு. கண்ணாடிய சரி பண்ணு. பெல்ட். இன்னொண்ணு சொல்லிடறேன். எங்க டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி இதுல என் பக்கம் பிரேக் கிடையாது. நீ லைசென்ஸ் வாங்கிட்ட. இன்னிக்கு என் உசுரு உன் கால்ல இருக்கு.

மைக்: பயமுறுத்தாதே. பழைய கிளாஸ்மேட்ஸப் பார்க்கப் போறோமா, ஆஸ்பத்திரிக்குப் போறோமா?

கோட்டான்: அது நீ ஓட்டுற அழகப் பொறுத்து. எடு வண்டிய. மெதுவா... கேட்ல இடிக்கப் போற, கேட்ல... ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடிங்க மேடம்!

மைக்: மறுபடியும் மேடமா?

கோட்டான்: வாய்ப் பழக்கம். பக்கத்து சீட்ல உட்கார்ந்தா தானா வருது. சரி, ஒடிடி. போதுமா?

மைக்: போதும். ... வெளிய வந்துட்டேன்! பார்த்தியா?

கோட்டான்: பார்த்தேன். ரெண்டாவது கியர். ரோட்டப் பாரு, என்னப் பார்க்காதே. ஸ்கூல்லயும் என்னப் பார்க்காமத்தானே இருந்த.

மைக்: அடிப்பாவி. குத்திக் காட்டுறியா?

கோட்டான்: சும்மா சொன்னேன். யாருமே பார்க்கலயே, உன்ன மட்டும் சொல்லுவானேன்?

மைக்: எனக்கு நிஜமாவே நீ யாருன்னு தெரியலடி. முதல் நாள் டிரைவிங் கிளாஸுக்கு வந்து உட்காருறேன். யாரோ ஒரு டீச்சரம்மா கத்து கத்துன்னு கத்துறாங்க. இந்தக் குரல நான் கேட்டதே இல்லையே!

கோட்டான்: எப்படிக் கேட்டிருப்ப? நான்தான் வாயே திறக்க மாட்டேனே. கணக்கு வாத்தியார் ஊமைக்கோட்டான்னு பேரு வச்சார். நீங்க எல்லாம் பாதிய வெட்டிக் கோட்டான்னு ஆக்கிட்டீங்க.

மைக்: நீ என்னை எப்ப கண்டுபிடிச்ச?

கோட்டான்: நீ கதவத் திறந்து, "வணக்கம், உள்ள வரலாமா"ன்னு கேட்டியே, அப்பவே. காருக்குள்ள வர எவ அனுமதி கேட்பா? மேடையேறுற மாதிரி ஏறின. அப்புறம் நீ திரும்பினப்ப காதுக்குப் பின்னாடி மச்சம். முழுசா ரெண்டு வருஷம் உன் பின்னங்கழுத்தப் பார்த்துட்டேதான் படிச்சேன். பிளாக்போர்டே எனக்குத் தெரியாது. நீ அப்படித் தலைய ஆட்டிட்டே இருப்ப.

மைக்: ஆட்டுவேனா?

கோட்டான்: அடுத்த நிகழ்ச்சிக்குப் பேச மனப்பாடம் பண்ணிட்டிருப்ப. முன்னாடி சைக்கிள் போகுது, பார்த்து...

மைக்: பார்த்துட்டேன்.

கோட்டான்: நல்லா ஒதுங்கின. ... ஆமா, ஹீரோ இன்னிக்கு வருவானா?

மைக்: எந்த ஹீரோ?

கோட்டான்: நூறு மீட்டர் ஓடுவானே. ஓடி முடிச்சதும் தலைமுடிய இப்படிக் கோதுவான். அந்தக் கோதலப் பார்க்கவே பொண்ணுங்க மைதானத்துக்குப் படையெடுத்தீங்களே...

மைக்: அவனா! நான் ஒண்ணும் படையெடுக்கல. மைக் பிடிச்சு ஜெயிச்சவங்க பேர வாசிக்கப் போனேன்.

கோட்டான்: அவன் பேர வாசிக்கும்போது மட்டும் குரல் குழையுமே.

மைக்: சும்மா இரு. இப்ப என்ன பண்றானாம்?

கோட்டான்: மெத்தைக் கடை வச்சிருக்கான். போன வருஷம் மெத்தை வாங்கப் போனேன். கோதுறதுக்குத் தலையில ஒரு முடி இல்ல.

மைக்: ஐயோ.

கோட்டான்: "மெத்தைன்னா படுத்துப் பார்த்துத்தான் மேடம் வாங்கணும்"னு சொல்லி, அவனே ஏறிப் படுத்துட்டான். இந்தப் பக்கம் புரண்டான், அந்தப் பக்கம் புரண்டான். ஓட்டப்பந்தயத்துல பறந்தவன், மல்லாந்து படுத்துட்டு ஸ்பிரிங்கப் பத்திப் பேசுறான்!

மைக்: பாவம்டி.

கோட்டான்: என்ன பாவம்? நல்லாயிருக்கான். அவன் பொண்டாட்டி கல்லாவுல உட்கார்ந்துட்டு அவன் புரளுறத ரசிச்சுப் பார்க்குறா. எத்தனையாவது தடவை பார்க்குறாளோ, அப்பவும் சிரிப்பு அவளுக்கு. அதுக்கு மேல ஒருத்தனுக்கு என்ன வேணும்?

மைக்: நீ யாருன்னு சொன்னியா?

கோட்டான்: சொன்னேன். அதே ஸ்கூல், அதே கிளாஸ்னு சொன்னேன். யோசிச்சுப் பார்த்துட்டு, "ஜூனியரா நீங்க?"ன்னான்.

மைக்: சீ!

கோட்டான்: வயசு குறைஞ்சுதேன்னு நான் சந்தோஷமா வந்துட்டேன். ... சிக்னல். கிளச், பிரேக். ரெண்டும். ம்... அழகா நின்னுச்சு.

மைக்: நிஜமாவா?

கோட்டான்: நான் எதையும் பிடிச்சுக்கல, பாரு. கை ரெண்டும் மடியில இருக்கு.

மைக்: தலையணையக் கட்டிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்க.

கோட்டான்: அது ஆசைக்கு. ... தூங்குமூஞ்சிய ஞாபகம் இருக்கா?

மைக்: கடைசி பெஞ்சு. வாயத் திறந்துட்டே தூங்குவான். பரீட்சைலகூடத் தூங்கினானே.

கோட்டான்: எனக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் ஆச்சுல்ல, தியேட்டர்ல படுக்க வச்சிருக்காங்க. முகமூடி போட்டுட்டு ஒருத்தர் குனியுறார். "நான்தான் மயக்க மருந்து குடுக்கிற டாக்டர். பயப்படாதீங்க"ன்றார். கண்ணப் பார்த்தேன். அதே பாதிக்கண்ணு!

மைக்: போடி!

கோட்டான்: சத்தியமா. அன்னிக்கு அவன் தூங்கினான், இன்னிக்கு ஊரத் தூங்கவைக்கிறான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. "ஏம்மா சிரிக்கிறீங்க?"ன்னு கேட்டான். பதில் சொல்ல வாயத் திறந்தேன்... அவ்வளவுதான். முழிச்சுப் பார்த்தா வார்டு.

மைக்: அப்புறம் பார்க்கலயா?

கோட்டான்: சாயங்காலம் வந்தான். "நல்லாத் தூங்கினீங்களா?"ன்னான். "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்"னேன். அவனுக்குப் புரியல. மருந்து இன்னும் தெளியலன்னு நினைச்சு, லைட் அடிச்சுக் கண்ணப் பார்த்துட்டுப் போனான்.

மைக்: ஐயோ, சிரிக்க வைக்காதே, கிளச்சுலேருந்து கால் நழுவுது...

கோட்டான்: சிக்னல் விழுந்துருச்சு, எடு. பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுட்டுப் போறான், நீ பதறாதே. அவனும் ஒரு நாள் என்கிட்ட கத்துக்கிட்டவனாத்தான் இருப்பான்.

மைக்: உன்கிட்ட எப்படிடி இவ்வளவு பேச்சு வந்துச்சு? எனக்கு ஆச்சரியமாவே இருக்கு.

கோட்டான்: பேச்சு உள்ள இருந்துச்சு. வெளிய வரத்தான் திக்கும். உனக்குத் தெரியாதுல்ல? எனக்குத் திக்குவாய்.

மைக்: ... தெரியாது.

கோட்டான்: வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன்"னு சொல்லணுமே, "உ... உ..."ன்னு நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. கை தூக்கினாப் போதும்னு அப்புறம் பழக்கிட்டேன். டிரைவிங் ஸ்கூல்லகூட ஆபீஸ் வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் சொல்லிக்குடுக்கிறவருக்குக் காய்ச்சல். லைசென்ஸ் இருக்குல்ல, நீ போம்மான்னு முதலாளி அனுப்பிட்டார். ஒரு பெரியவர் ஓட்டுறார். நேரா லாரிய நோக்கிப் போறார். "பிரேக்!"னு கத்தினேன் பாரு... அவர் காலும் மிதிச்சுது, என் காலும் மிதிச்சுது.

மைக்: திக்கலயா?

கோட்டான்: திக்க நேரம் ஏது? "பி... பி..."ன்னு இருந்தா லாரிக்கு அடியில போயிருப்போம். இறங்கி நின்னு, தனியா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிரேக். பிரேக். பிரேக். ரோட்டுல போறவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு.

மைக்: வீட்டுலயும் பேச ஆரம்பிச்சியா?

கோட்டான்: வீட்டுக்காரரும் பேசாத ஆளு. ரெண்டு பேரும் ஊமையா இருந்தா குடித்தனம் எப்படி நடக்கும்? அங்கயும் நானே பேச ஆரம்பிச்சுட்டேன். இப்ப அவர், "அந்தப் பழைய பொண்ணு எங்கே"ன்னு தேடுறார்.

மைக்: நான் அப்படியே உனக்கு எதிர். டிவியில செய்தி வாசிப்பேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஹெட்மாஸ்டரே ஆட்டோகிராஃப் கேட்டார் விளையாட்டுக்கு. ரெண்டு இடத்துல குரல் தேர்வுக்குப் போனேன். "நல்ல குரல், சொல்லி அனுப்புறோம்"னாங்க. அப்புறம் கல்யாணம், பையன்...

கோட்டான்: இப்பவும் மைக் பிடிச்சுட்டுத்தானே இருக்க.

மைக்: கண் ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் வாசிக்கிறது ஒரு மைக்கா? "நாற்பத்தி ரெண்டு, அறை மூணு. நாற்பத்தி மூணு, அறை ஒண்ணு." மெஷின் வைக்கப் போறாங்கன்னு வருஷா வருஷம் சொல்லுறாங்க. இன்னும் வரல.

கோட்டான்: வராது.

மைக்: ஆனா ஒண்ணு சொல்லணும். கண்ணுல கட்டுப் போட்டுட்டு வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. நான் பேசினதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். யாரும் என்னைப் பார்க்குறதில்ல, குரலத்தான் பார்க்குறாங்க. அந்த நிமிஷம் மட்டும், பரவாயில்லன்னு தோணும். பழைய மேடை மாதிரியே... இல்ல, அதைவிட நல்லாவே இருக்கும். ஆஸ்பத்திரியில வயிறு கலங்காது.

கோட்டான்: வாந்தி வராதுன்னு சொல்லு.

மைக்: ... உனக்கு எப்படித் தெரியும்?

கோட்டான்: ஆண்டு விழான்னா எனக்கு என்ன வேலை? நாற்காலி தூக்கிப் போட்டுட்டு மேடைக்குப் பின்னாடி நிப்பேன். நீ ஓடி வருவ, குழாயடியில குனிஞ்சு வாந்தி எடுப்ப, வாயக் கழுவிட்டுச் சிரிச்ச முகமா மேடைக்குப் போவ. ஒவ்வொரு வருஷமும். குழாய மட்டும் மூட மாட்ட.

மைக்: மூட மாட்டேனா?

கோட்டான்: நான்தான் மூடுவேன். உன் குரல் மைக்ல வரும், "அனைவருக்கும் வணக்கம்"னு. நான் இங்க குழாயத் திருகிட்டிருப்பேன்.

மைக்: யார்கிட்டயும் சொல்லலயா நீ? அது மட்டும் தெரிஞ்சிருந்தா என்னை ஓட்டித் தள்ளியிருப்பாங்களே...

கோட்டான்: யார்கிட்டடி சொல்லுறது? என்கிட்ட யாரு பேசினா? ... இடது பக்கம் திரும்பு. இண்டிகேட்டர்... அது வைப்பர்.

மைக்: தெரியும், தெரியும்.

கோட்டான்: மழை இல்லாமயே கண்ணாடி துடைக்கிற. போகட்டும், மனசு சுத்தமாகும். அதோ, அந்த மஞ்சள் கட்டடம்தான். கேட் கிட்ட நிறுத்து, காவலாளி கை காட்டுறார்.

காவலாளி: எங்கம்மா போகணும்? கீழ கம்பெனி மீட்டிங். மேல பழைய மாணவர்.

மைக்: மேல.

காவலாளி: போன்ல மெசேஜ் வந்திருக்கும்ல, அதக் காட்டிட்டுப் போங்கம்மா. மீட்டிங் ஆளுங்க மேல போய்ச் சாப்பிட்டுட்டாங்களாம். சத்தம் போடுறாங்க.

மைக்: நீ காட்டேன்.

கோட்டான்: நீ காட்டு. உன் பக்கம்தானே நிக்கிறார்.

மைக்: என் போன்... பைக்குள்ள அடியில கிடக்கு. ஸ்டியரிங்க விட்டுட்டு எப்படி எடுக்கிறது?

கோட்டான்: வண்டிதான் நின்னுட்டிருக்கே.

மைக்: உன்னுது கையிலயே இருக்கே!

கோட்டான்: சார்ஜ் போயிருச்சு.

மைக்: இப்பதானே மணி பார்த்த?

கோட்டான்: அதுக்கப்புறம் போச்சு.

காவலாளி: அம்மா, பின்னாடி வண்டி நிக்குது. உள்ள அந்த மரத்தடியில ஓரமா போட்டுட்டு, தேடி எடுத்து வைங்க. நான் வரேன்.

கோட்டான்: மெதுவா... மரத்துல முட்டாதே. ம். நியூட்ரல். ஹேண்ட்பிரேக். இன்ஜின அணை. சபாஷ்! யாரும் சாகல. எடு, அந்த மெசேஜ எடு. அதோ மாடியில ஆட்கள் நிக்கிறது தெரியுது. கண்ணாடி போட்டவ நம்ம கிளாஸ் டிக்ஷனரி மாதிரி இல்ல? அவளேதான்.

மைக்: நீ போயிட்டு வா.

கோட்டான்: என்னது?

மைக்: நீ மேல போ. நான் வண்டியில இருக்கேன். எல்லாம் முடிஞ்சதும் உன்னக் கொண்டுபோய் வீட்டுல விட்டுடறேன். கோவிச்சுக்காதே.

கோட்டான்: என்னடி ஆச்சு? மறுபடி வயிறு கலங்குதா?

மைக்: என்னை யாரும் கூப்பிடலடி. மெசேஜெல்லாம் இல்ல. "ஞாயித்துக்கிழமை நம்ம கிளாஸ் கூடுது, உனக்குச் சொல்லியிருப்பாங்களே"ன்னு நீ கேட்டப்ப, இல்லன்னு சொல்ல வாய் வரல. சொல்லாம விட்டுட்டாங்கன்னா... மைக்க விட்டுட்டு ஒரு கூட்டமா? "ஓ, தெரியுமே, போகணும்"னு சொல்லிட்டேன்.

கோட்டான்: உன்ன எப்படிடி விட்டாங்க?

மைக்: அவங்க மேல தப்பில்ல. அவர் போனதும் எல்லாரும் போன் பண்ணாங்க. நான் எடுக்கல. மணி அடிக்கும், பேர் தெரியும், பார்த்துட்டே இருப்பேன். எடுத்தா அழணும், இல்ல அழாம பேசணும். ரெண்டும் முடியல. அப்புறம் நம்பரயே மாத்திட்டேன். ஒருத்தி எத்தனை தடவைதான் கூப்பிடுவா? ... ஏன் சிரிக்கிற? சிரிக்காதே. நான் இவ்வளவு சொல்லிட்டிருக்கேன், நீ...

கோட்டான்: உன்னப் பார்த்துச் சிரிக்கலடி.

மைக்: பின்ன? போ. உன்னக் கூப்பிட்டிருக்காங்க, நீ போகணும். இத்தனை வருஷம் கழிச்சு உன்ன ஞாபகம் வச்சுக் கூப்பிட்டிருக்காங்க. போய் நாலு பேர் முன்னாடி "பிரேக்!"னு கத்து. அசந்து போகட்டும்.

கோட்டான்: என்னைக் கூப்பிட்டாங்கன்னு யாரு சொன்னா?

மைக்: நீதானே...

கோட்டான்: கூட்டம் இருக்குன்னுதான் சொன்னேன். கூப்பிட்டாங்கன்னு சொன்னேனா? டிக்ஷனரியோட பொண்ணு என்கிட்ட வண்டி கத்துக்கிறா. "ஞாயித்துக்கிழமை எங்கம்மா கிளாஸ் கூடுறாங்க ஆன்ட்டி"ன்னா. எந்த ஸ்கூல்னு கேட்டேன். நம்ம ஸ்கூல், நம்ம வருஷம். அவங்கம்மாவுக்கு என்னைத் தெரியாது. தெரிஞ்சாத்தானே கூப்பிட?

மைக்: அப்ப எதுக்குடி வந்த?

கோட்டான்: நீ போறேன்னு சொன்னியே. உன்னைப் பார்த்தா எல்லாரும் "மைக்! மைக்!"னு ஓடி வருவாங்க. பக்கத்துல நிக்கிறவள யாருன்னு எவனும் கேட்க மாட்டான். ஸ்கூல்ல அப்படி உன்கூட ஒரு தடவை உள்ள நுழையணும்னு இருந்துச்சு. நடக்கல. சரி, இப்பவாவதுன்னு... புதுச் செருப்பு வேற வாங்கினேன். கடிக்குது.

மைக்: காட்டு.

கோட்டான்: என்ன காட்ட? விடு. வண்டிய எடு, எங்கயாவது போய் டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம்.

மைக்: இரு. அவர் வரார்.

காவலாளி: அம்மா, மேல கேட்டுட்டேன். மெசேஜ் இல்லாட்டியும் பரவாயில்லையாம், பேரச் சொன்னாப் போதுமாம். ரெண்டு பேர்ல யாரும்மா அங்க படிச்சவங்க, யாரு கூட வந்தவங்க?

மைக்: படிச்சவங்க இவங்க. நான் இவங்ககூட வந்தவ.